எல்லாரும் வாட்டத்தை ரோட்டுப் பக்கமே குடுத்தா தண்ணி எங்கதான் போகும்

ஐப்பசில ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை அடிச்சா போதும், எங்க ஏரியா வாட்சப் குரூப்ல ஒரே பேச்சுதான். சாக்கடை சின்னதா இருக்கு, பெருசா கட்டணும், ஆழமா தோண்டணும், கவுன்சிலரைப் பாக்கணும்னு. வீட்டுக்குள்ள தண்ணி வந்து பிரிட்ஜைத் தூக்கி கட்டில் மேல வெச்சவங்களுக்கு வேற என்ன தோணும், அவங்க கோவம் நியாயம்தான். ஆனா நான் சேலத்துல வீடு கட்டுற வேலையில இருக்கறவன், தெனமும் லெவல் பாக்கறதும் வாட்டம், அதாவது தண்ணி ஓடறதுக்குத் தளத்துல குடுக்கற சரிவு, பாக்கறதும்தான் பொழப்பு, அதனால எனக்கு இதுல வேற ஒரு கருத்து இருக்கு, குரூப்ல நாலு வரில சொல்லி முடியாதுன்னுதான் இங்க எழுதறேன்.

சேலத்தோட அமைப்பைக் கொஞ்சம் மனசுல கொண்டு வாங்க. வடக்க சேர்வராயன் மலை, அதுக்கு முன்னாடியே நகரமலை, மேற்க கஞ்சமலை, தெக்க ஜருகுமலை, கிழக்க கோதுமலை, நடுவுல நாம. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, டவுன் 280 மீட்டர் வாக்குல. நாம ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு சுத்தி ஏறுறோம், தண்ணிக்கு அதெல்லாம் கிடையாது, ஓடையைப் புடிச்சு நேரா எறங்கிடும். அதனாலதான் மலை மேல கறுத்துக்கிட்டு வந்தா கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் இருக்கறவங்க வாசல்ல வந்து நின்னு பாப்பாங்க. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்ள வந்தப்போ ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ., ஏற்காட்டுல 20 செ.மீ.க்கு மேல. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைஞ்சு போச்சு, டவுனுக்குள்ள ஓடுற திருமணிமுத்தாத்துல வெள்ளம்.

அந்த மாதிரி மழைக்கு எந்த ஊரும் சும்மா தாங்கிடாது, அதைப் பத்தி அப்புறம் வரேன். நான் பேச வந்தது சாதாரண மழையைப் பத்தி. சித்திரை வைகாசில சாயங்காலம் இடியோட அடிக்குமே, ஆவணி புரட்டாசில ராத்திரில கொட்டுமே, ஒரு மணி நேரத்துல 4 செ.மீ., 5 செ.மீ. அந்த மழைக்கே அஞ்சு ரோடு ஜங்ஷன் பக்கம் வண்டி ஆஃப் ஆகுது, தாழ்வான தெருக்கள்ல சாக்கடைத் தண்ணி படியேறுது. இது புயல் இல்ல, வருஷா வருஷம் வர்ற மழை, இதுக்கு நாம தயாராவே இருக்கணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர். 30க்கு 40 சைட்டுனா 1,200 சதுர அடி, சதுர மீட்டர்ல 111. அதுல 5 செ.மீ. மழைன்னா 5,500 லிட்டர் வருது. அதாவது கோடையில நாம காசு குடுத்து வாங்குற சின்ன லாரித் தண்ணி ஒரு லோடு கிட்டத்தட்ட. முன்னாடி இதே சைட்டு மண்ணா, புல்லா, ரெண்டு முருங்கை ஒரு வேப்பமரத்தோட இருந்தப்போ இதுல பெரும்பகுதி அங்கேயே எறங்கிடும், மிச்சம் மெதுவா நெளிஞ்சு நெளிஞ்சு போகும். இப்போ மொட்டை மாடி கான்கிரீட், அதைச் சுத்தி கிரானைட், கார் நிறுத்துற எடத்துல டைல்ஸ், வாசலுக்கு வெளிய மாநகராட்சி எடத்துலயும் நாமளே ஒரு சிமெண்ட் சாய்தளம். 5,500 லிட்டர்ல ஒரு 5,000 லிட்டர் மழை விட்ட கையோட தெருவுக்கு வந்துடும். தெருவுல இருபது வீடுன்னா ஒரு லட்சம் லிட்டர், ரோட்டு மேல விழுந்தது தனி. இது ஒரு தெரு.

எந்த மேஸ்திரி கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, காம்பவுண்டுக்குள்ள தளம் போடும்போது "தண்ணி நிக்கக் கூடாதுங்க, வாட்டம் ரோட்டுப் பக்கம் குடுத்துடறேன்" அப்படின்னுதான் சொல்வாங்க. அவர் மேல தப்பே இல்ல, வீட்டுக்காரர் கேக்கறதும் அதைத்தான். வீடு ரோட்டுக்குக் குடுக்குது, ரோடு சாக்கடைக்குக் குடுக்குது, சாக்கடை ஓடைக்கு, ஓடை ஏரிக்கு, இல்லன்னா நேரா திருமணிமுத்தாத்துக்கு. ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க பக்கம் வாட்டம் குடுத்துட்டே போறோம், கடைசியா தாழ்வுல இருக்கறவங்க வீட்டுக்குள்ள அது மொத்தமா சேருது. சாக்கடையைப் பெருசு பண்ணுனா மேட்டுல இருக்கற நமக்கு நல்லா இருக்கும், ஆனா அதே தண்ணி முன்னாடி ரெண்டு மணி நேரத்துல கீழ போய்ச் சேர்ந்தது இப்போ இருபது நிமிஷத்துல போய்ச் சேரும், கீழ இருக்கற சாக்கடையும் அதே அளவுக்குப் பெருசாகலைன்னா அவங்க கதி என்ன? கிச்சிப்பாளையம், பச்சப்பட்டி பக்கம் ஆத்தோரத்துல குடியிருக்கறவங்க இதை அனுபவிச்சுட்டுதான் இருக்காங்க. வடிகால் வேண்டாம்னு நான் சொல்லல, கண்டிப்பா வேணும், ஆனா வடிகாலுக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணியை நாலு எடத்துல நிறுத்தி மெதுவாக்கணும்.

இதை ஆஸ்திரேலியாக்காரங்க 1990கள்லேர்ந்தே ஒரு முறையா பண்ணிட்டு வராங்க, வாட்டர் சென்சிட்டிவ் அர்பன் டிசைன்னு பேரு. நம்ம பாஷையில சொல்லணும்னா தண்ணியை மனசுல வெச்சு ஊரைக் கட்டுறது. மெல்போர்ன் ஓரத்துல லின்புரூக்னு ஒரு குடியிருப்பு, 1990களோட கடைசில கட்ட ஆரம்பிச்சது, அங்க ரோட்டுத் தண்ணியை நேரா குழாய்க்குள்ள விடாம புல்லு மூடுன ஆழம் கம்மியான வாய்க்கால்ல விட்டு, அடியில ஜல்லி போட்ட பள்ளம் வழியா வடிகட்டி, கடைசில ஒரு நாணல் குட்டைக்குக் கொண்டு போனாங்க. சிங்கப்பூர்ல 2006ல இதே மாதிரி ஒரு திட்டம் ஆரம்பிச்சு, பீஷான் பார்க் ஓரமா 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடா ஓடுன காங்க்ரீட் கால்வாயை ஒடைச்சு, வளைஞ்சு வளைஞ்சு போற 3.2 கிலோமீட்டர் ஆறா மாத்துனாங்க, 2012ல வேலை முடிஞ்சுது. காங்க்ரீட்டை ஒடைச்சு ஆறாக்கிருக்காங்க, இதை நான் முதல்ல படிச்சப்போ திருமணிமுத்தாறுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, ரெண்டு பக்கமும் செவுரு எழுப்பி நடுவுல கறுப்பா ஓடுற நம்ம ஆறு.

ஆனா அங்க இருக்கறதை அப்படியே இங்க காப்பி அடிக்க முடியாது. மெல்போர்ன்ல வருஷத்துக்கு 650 மி.மீ. வாக்குல மழை, அதுவும் வருஷம் பூரா பரவி தூறலா விழுது. நமக்கு அதை விட ஜாஸ்தி மழை, ஆனா கொஞ்ச நாள்ல மொத்தமா கொட்டிட்டுப் போயிடும். அப்புறம் மாசக்கணக்குல காஞ்சு கெடக்கும். அங்க மழைத் தோட்டம்னு ஒன்னு போடுவாங்க, மாடித் தண்ணியைப் புடிச்சு மண்ணுக்குள்ள எறக்குற செடிப் பள்ளம் அது, கூரைப் பரப்புல 2 சதவீதம் எடம் போதும்னு சொல்றாங்க. இங்க 2 சதவீதம் பத்தவே பத்தாது. நான் கஸ்டமர்ங்க கிட்ட சொல்றது 8 சதவீதம். அதே 1,200 சதுர அடிக்கு 95 சதுர அடி எடம், ஒரு கார் நிறுத்துற எடத்தை விடக் கம்மி. ஒரு அடி பள்ளமா விட்டா அதுலயே 2,700 லிட்டர் நிக்கும், அதாவது அந்த 5 செ.மீ. மழைல பாதி. மண்ணு குடிக்கறது அதுக்கு மேல.

இந்த மழைத் தோட்டம் எப்படி போடறதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். மொதல்ல அது செடி வெச்ச மேடு இல்ல, பள்ளம். நம்ம ஊர்ல தோட்டம்னாலே செங்கல் வெச்சு கட்டி ரெண்டு அடி ஒசத்தி மண்ணு கொட்டுறதுதான் பழக்கம், அப்படிப் பண்ணுனா மழைத் தண்ணி உள்ளயே போகாது, செடிக்கு மோட்டார் போட்டு நாம ஊத்தணும். தரையை விட ஒரு அடி தாழ்வா இருக்கணும். அஸ்திவாரத்துலேர்ந்து பத்தடியாவது தள்ளி இருக்கணும், கரிசல் மண்ணு இருக்கற எடம்னா இன்னும் தள்ளி, ஏன்னா கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும், செவுத்துல விரிசல் விட்ரும். செம்மண்ணுனா பிரச்சனை கம்மி. ரெண்டு ரெண்டரை அடி தோண்டி அடியில முக்கால் இஞ்ச் ஜல்லி அரை அடி, அதுக்கு மேல பொடி ஜல்லி கொஞ்சம், மேல மணல் கலந்த மண்ணு, மக்குன தொழு உரம் கொஞ்சமா. எம்சாண்ட் போடறவங்க அதுல இருக்கற பவுடரைக் கழுவிட்டுப் போடுங்க, இல்லன்னா ஒரே சீசன்ல அடைச்சுக்கும். மாடித் தண்ணி குழாயை அதுல கொண்டு வந்து விட்டுட்டு, தண்ணி விழுற எடத்துல நாலு கருங்கல் போட்டுடுங்க, இல்லன்னா மண்ணை அரிச்சுடும். ரொம்பி வழிஞ்சா போறதுக்கு ஒரு வழி கட்டாயம் வெக்கணும், அது மட்டும் சாக்கடைக்குப் போகட்டும். செடிக்கு வெட்டிவேர், கல்வாழை, அருகம்புல் இதெல்லாம் போதும், ரெண்டு நாள் தண்ணில நின்னாலும் தாங்கும், மாசி பங்குனி வெயில்லயும் வேர் சாகாது.

"கொசு வரும்டா" அப்படின்னு எங்கம்மா மொதல்ல ஒத்துக்கவே இல்ல. கொசு முட்டையிலேர்ந்து பறக்குற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும், இந்தப் பள்ளத்துல தண்ணி ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள்ல எறங்கிடணும், எறங்கலைன்னா போட்டதுல கோளாறுன்னு அர்த்தம். கொசு உண்மையில எங்க வளருதுன்னா வண்டல் அடைச்சு மாசக்கணக்குல தேங்கி நிக்கற சாக்கடையில, மொட்டை மாடியில கெடக்குற பெயிண்ட் டப்பாவுல. ரெண்டு மழை பாத்ததுக்கப்புறம்தான் அம்மா சரின்னாங்க, இப்போ அந்த வெட்டிவேரை அவங்கதான் யாரையும் மிதிக்க விடாம பாத்துக்கறாங்க.

வீட்டுக்குள்ள பண்றது நம்ம கையில இருக்கு. தெருதான் கஷ்டம். தெருவுல நடக்கற ஒரு விஷயத்தைச் சொல்றேன், எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். பழைய தாரைச் சுரண்டாம அது மேலயே புதுசு போட்டு போட்டு ரோடு ஒசந்துட்டே போகுது, வீட்டு வாசல் பள்ளத்துக்குப் போகுது, உடனே வீட்டுக்காரங்க வாசலை ஒசத்துறாங்க, பக்கத்து வீடு பள்ளமாகுது. அப்புறம் ரோட்டோரத்துல மிச்சம் இருந்த மண்ணு மேல பேவர் பிளாக். அந்தக் கல்லுக்கு நடுவுல இடுக்கு இருக்கறதால தண்ணி எறங்கும்னு நெனைக்கறாங்க, ஆனா நெறைய எடத்துல அடியில காங்க்ரீட் போட்டுட்டு அது மேல கல்லைப் பதிச்சிருக்காங்க, ஒரு சொட்டு எறங்காது. மரத்தைச் சுத்தியும் தூர் வரைக்கும் காங்க்ரீட், அந்த மரம் எப்படிங்க குடிக்கும்? ஒரு காத்தடிச்சா சாயுது, அப்புறம் மரத்தைக் குத்தம் சொல்றோம்.

இதுக்கு மாத்து ரொம்ப செலவு பிடிக்கற விஷயமே இல்ல. புது ரோடு போடறப்போ பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல போடறது ஒன்னு. இன்னொன்னு, ரோட்டோரத்து மண்பகுதியை ரோட்டை விட அரை அடி தாழ்வா விட்டுட்டு, ஓரத்துல வெக்கற கல்லுல பத்தடிக்கு ஒரு எடத்துல ஒரு அடி இடைவெளி விடறது. தண்ணி அந்த இடைவெளியில பூந்து மண்ணுக்குள்ள எறங்கும், ரொம்புனா மறுபடி வடிகாலுக்குப் போகும். அவ்ளோதான். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் மாதிரி அகலமான தெருக்கள்ல இதுக்கு எடம் தாராளமா இருக்கு. டவுனுக்குள்ள, செவ்வாப்பேட்டை சந்துல எல்லாம் எடம் கிடையாது, அங்க மொட்டை மாடியிலயே டேங்க் வெச்சுப் புடிக்கறதுதான் வழி.

செவ்வாப்பேட்டைன்னு சொன்னதும் இன்னொன்னு ஞாபகம் வருது. ரோட்டுத் தண்ணியை அப்படியே போர்வெல்லுக்குள்ளயோ கெணத்துக்குள்ளயோ விடாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். மாடித் தண்ணி வேற, ரோட்டுத் தண்ணி வேற. ரோட்டுல ஆயில், டயர் தூசி, ஓடைகள்ல சாயப்பட்டறை, வெள்ளிப் பட்டறை கழிவு, எல்லாம் மொதல் கால் மணி நேரத்து மழைல அடிச்சுட்டு வரும். மண்ணு, வேர் வழியா எறங்கும்போது இதுல நெறைய மண்ணுலயே புடிச்சு நின்னுக்கும், அதுக்காகத்தான் இந்தச் செடிப் பள்ளமே. நேரா குழாய் வழியா உள்ள விட்டா நாம குடிக்கற தண்ணில விஷத்தைக் கலக்குறதுதான், ஒரு தடவை நிலத்தடி கெட்டுப் போனா எடுக்கறது நம்ம காலத்துல நடக்காது. அதோட நம்ம ஊரு அடியில பூரா பாறை. மேல இருக்கற சிதைஞ்ச பாறை மண்ணுலதான் தண்ணி நல்லா நிக்கும், அதுக்குக் கீழ வெடிப்பு கெடைச்சா உண்டு. அதனால ஆயிரம் அடி போருக்குள்ள விடறதை விட, மாடித் தண்ணியை வடிகட்டி பழைய கெணத்துல விட்டா பலன் அதிகம். வீட்டுப் பின்னாடி பழைய கெணறு இருந்தா தயவு செஞ்சு மூடாதீங்க, குப்பை கொட்டாதீங்க.

2003ல மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, அப்போ ஊரே குழி தோண்டுச்சு. நல்ல சட்டம், நான் இன்னைக்கும் அதை மதிக்கறேன். ஆனா அந்தக் குழிங்க இப்போ எப்படி இருக்குன்னு தொறந்து பாத்தவங்க எத்தனை பேரு? நான் வேலைக்குப் போற வீடுகள்ல பாதிக்கு மேல ஜல்லி பூரா மண்ணடைச்சு, மூடி மேல டைல்ஸ் ஒட்டி, எங்க இருக்குன்னே தெரியாம கெடக்குது. மூணு அடி குழி எத்தனை லிட்டர் புடிக்கும்? மழை வர்ற வேகத்துக்கு அது அஞ்சு நிமிஷத்துல ரொம்பிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி கடைசிலயாவது ஜல்லியை வெளிய எடுத்துக் கழுவிப் போடணும்.

ஏரிங்களைப் பத்திச் சொல்லாம இதை முடிக்க முடியாது. மெல்போர்ன்காரங்க கடைசில ஒரு குட்டை வெட்டுனாங்கன்னு சொன்னேன்ல, நமக்கு அதை நம்ம முன்னோருங்க எப்பவோ வெட்டி வெச்சுட்டாங்க, வரத்து வாய்க்கால், கரை, மதகு, ரொம்புனா வழியறதுக்குக் கோடின்னு முழு ஏற்பாடோட. சேர்வராயன் மலைத் தண்ணி வர்ற மூக்கனேரி 58 ஏக்கர், 2010 வாக்குல சுற்றுச்சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவும் எறங்கி வேலை செஞ்சு, தோண்டுன வண்டலை வெளிய கொட்டாம ஏரிக்குள்ளயே திட்டு திட்டா ஆக்கி மரம் வெச்சாங்க. இன்னைக்கு அந்தத் திட்டுல நாரையும் கொக்கும் ஒக்காந்திருக்கறதைப் பாக்கறப்போ மனசு நெறையும். ஆனா ஏரியை மட்டும் தூர் வாருனா பத்தாது, வரத்து வாய்க்கால் வழியா சாக்கடையும் வண்டலும் வந்துட்டே இருந்தா மறுபடி மேடுதான். ஏரிக்கு மேல இருக்கற தெருக்கள் தண்ணியைச் சுத்தமா, மெதுவா அனுப்புனாதான் ஏரி நிக்கும்.

மேல மலைக்கும் இது பொருந்தும். ஏற்காட்டுல காப்பித் தோட்டம் இருக்கற எடத்துல மழை பெய்யறப்போ நின்னு பாத்திருக்கீங்களா, சில்வர் ஓக், பலா, அதுல ஏறுன மொளகுக் கொடி, அதுக்குக் கீழ காப்பிச் செடி, அதுக்கும் கீழ சருகு மெத்தை. மழை நாலு தட்டுல விழுந்து எறங்குது. அந்தச் சரிவை ஜேசிபி வெச்சு வெட்டி, தங்கறதுக்கு ரூம் கட்டி, ரூமுக்குப் போக சிமெண்ட் ரோடு போட்டா அந்த நாலு தட்டும் போச்சு, தண்ணி செம்மண்ணையும் சேத்து அரிச்சுட்டு கீழ வருது. அங்க வாட்டம் மாத்துறது ஒருத்தர், இங்க வண்டல் வாருறது வேற ஒருத்தர். மலையில கட்டட அனுமதி குடுக்கும்போது மழைத் தண்ணி அந்த எடத்துலேர்ந்து எப்படி வெளிய போகும்னு ஒரு வரைபடம் கட்டாயம் கேக்கணும்னு நான் நெனைக்கறேன்.

ஃபெஞ்சல் மாதிரி மழைக்கு இதெல்லாம் தாங்குமான்னு கேப்பீங்க. முழுசா தாங்காது. சீனாவுல செங்சோ நகரத்துல ஸ்பாஞ்ச் சிட்டின்னு இதே மாதிரி வேலைங்க நெறைய பண்ணிருந்தாங்க, 2021 ஜூலைல ஒரு மணி நேரத்துல 20 செ.மீ. கொட்டுனப்போ ஊரே மூழ்கிச்சு, மெட்ரோ ரயிலுக்குள்ள இருந்தவங்க செத்தாங்க. அந்த அளவு மழைக்கு ஆத்தோரத்தை காலியா விடறது, முன்கூட்டியே எச்சரிக்கறது, ஜனங்களை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் வழி. ஆனா வருஷா வருஷம் வர்ற அந்த 4, 5 செ.மீ. மழைங்களுக்கு இது நிச்சயமா தாங்கும். அதுல மிச்சமாகற தண்ணியும் சும்மா இல்ல. நாம குடிக்கறது மேட்டூர்லேர்ந்து கரண்ட் செலவு பண்ணி மேட்டுக்கு ஏத்திக் கொண்டு வர்ற காவிரித் தண்ணி. நம்ம மொட்டை மாடியில இலவசமா விழுறதை சாக்கடையில கலந்து, திருமணிமுத்தாறு வழியா நாமக்கல் மாவட்டத்துல அதே காவிரிக்குக் கீழ அனுப்புறோம், அங்கேயும் அதைக் குடிக்கறவங்க இருக்காங்க.

எங்க தெருவுல இப்போ பேசிட்டு இருக்கோம். அடுத்து தார் போடறப்போ பழசைச் சுரண்டிட்டுப் போடணும், கிழக்குப் பக்க ஓரத்தைத் தாழ்வா விட்டு ஓரக்கல்லுல இடைவெளி விடணும், மூணு புங்கமரத்தைச் சுத்தி இருக்கற காங்க்ரீட்டை ஒடைக்கணும், இந்த மூணே விஷயம்தான் மனுவுல எழுதிருக்கோம். லெவல் எடுத்து வரைபடம் நானே போட்டுக் குடுத்திருக்கேன். பக்கத்துல குடியிருக்கற ரிட்டையர்டு வாத்தியார் ஐயா கையெழுத்து வாங்க வீடு வீடா போறாரு, கார் நிறுத்த எடம் போயிடும்னு சிலர் தயங்கறாங்க, அவங்க கிட்ட அளந்து காட்டிட்டு இருக்கோம், கார் நிக்கும், அதுக்கும் எடம் இருக்கு. உங்க தெருவுக்கும் அந்த வரைபடம் வேணும்னா கீழ கமெண்ட்ல கேளுங்க, தெருவோட அகலமும் எந்தப் பக்கம் பள்ளம்னும் மட்டும் சொல்லுங்க, ஐப்பசிக்கு முன்னாடி போட்டுக் குடுத்துடறேன்.